குவளைக்கு மரியாதை, கைக்கு?

அயர்லாந்தின் கால்வே பகுதியில் பாலினஸ்லோ என்று ஓர் ஊர். அக்டோபரில் அங்கே கூடும் குதிரைச் சந்தை, ஐரோப்பாவின் மிகப் பழைய சந்தைகளில் ஒன்று. விலை படிவதே தனிக் கூத்து. வாங்க வந்தவர் 'கட்டாது' என்று நடையைக் கட்டுவார். தரகர் விடுவாரா? இழுத்து வந்து, இருவர் கையையும் சேர்த்து வைப்பார். உள்ளங்கையில் எச்சில் துப்பி ஓங்கி ஓர் அறை. வியாபாரம் முடிந்தது! விற்றவர், வாங்கிய பணத்தில் கொஞ்சம் திருப்பித் தருவார். அதற்கு 'லக் பென்னி' என்று பெயர்.

1950களில் எடைமேடையும் ஏலக்கூடமுமாகப் புதிய மாட்டுச் சந்தைகள் வந்தன. விவசாயிக்கு நல்லதுதான். அதில் எனக்குச் சண்டையில்லை.

என் சண்டை வேறு. குதிரைச் சந்தைகளை இன்றும் உயிரோடு வைத்திருப்பவர்களில் முக்கியமானவர்கள் 'டிராவலர்' எனப்படும் நாடோடி மக்கள். குதிரை வியாபாரமும் தகர வேலையும் இவர்களின் பரம்பரைத் தொழில்கள். ஊர் ஊராகப் போய் ஓட்டை வாளியை அடைத்தார்கள், குவளை செய்து விற்றார்கள். பிளாஸ்டிக் வாளி வந்தது, பிழைப்பு போயிற்று. சரி, அது காலத்தின் கோலம். ஆனால், சட்டம் மனிதர்கள் போட்டதுதானே?

1963-ல் அரசு கமிஷன் ஒன்று, இவர்களை ஊர்க்காரர்களோடு கரைத்துவிடுவதே தீர்வு என்றது. 1996-ல் குதிரைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2002-ல், அனுமதியில்லாத இடத்தில் வண்டி வீட்டை நிறுத்துவது கிரிமினல் குற்றமானது. 2017 மார்ச் 1-ல் பிரதமர் எண்டா கென்னி, இவர்களைத் தனி இனக்குழுவாக நாடாளுமன்றத்தில் அங்கீகரித்தார். பலத்த கைதட்டல்! தகர வேலையும் நாட்டின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் ஏறியது. 2002 சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"சந்தைன்னா அடிதடி சார், குதிரையை வதைக்கிறாங்க" என்பார்கள். வதைப்பவனைப் பிடியுங்கள், கால்நடை டாக்டரை நிறுத்துங்கள். யார் வேண்டாம் என்றது? 1204-ல் அனுமதி பெற்ற டப்ளினின் டானிபுரூக் சந்தையை, 1855-ல் இதே அடிதடி பேச்சு பேசித்தான் மூடினார்கள். இன்று ஆங்கிலத்தில் 'டானிபுரூக்' என்றால் கலாட்டா. அறுநூறு வருஷச் சந்தைக்கு மிஞ்சியது அந்தக் கெட்ட பெயர்தான்!

தகரக் குவளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது சுலபம். அதைத் தட்டிய கைக்கு என்ன தருகிறோம் என்பதுதான் கேள்வி. வண்டி நிறுத்த ஓர் இடம், குதிரை கட்டக் கொஞ்சம் நிலம். இவர்களின் பெருமையை மொத்தமாக வாரிக்கொண்ட தேசம், அந்த லக் பென்னியையாவது திருப்பித் தர வேண்டாமா?