ஹிட் இல்லாவிட்டால் தோல்வியா?

"பெரிய ஹிட் கொடுக்கலன்னா ஃபீல்டுல இருந்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: தே மைட் பி ஜயன்ட்ஸ்.

ஜான் ஃப்ளான்ஸ்பர்க், ஜான் லின்னெல். மாசசூசெட்ஸில் சேர்ந்து வளர்ந்த இரண்டு ஜான்கள், 1982ல் நியூயார்க்கில் இந்தக் குழுவை ஆரம்பித்தார்கள். ஒருவர் கிடார், இன்னொருவர் அக்கார்டியன். டிரம்ஸுக்கு ஆள் இல்லை, மிஷின்தான்! லின்னெலுக்கு மணிக்கட்டு உடைந்தது, ஃப்ளான்ஸ்பர்க் வீட்டில் திருட்டு. மேடை ஏற முடியாத நிலை. வேறு யாராவது என்றால் மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்கள் ஆன்சரிங் மெஷினில் பாட்டைப் பதிந்து, பத்திரிகையில் போன் நம்பரைக் கொடுத்தார்கள். போன் போட்டால் ஒரு பாட்டு. 'டயல்-எ-சாங்' பிறந்த கதை இதுதான்.

1990ல் எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனியில் 'ஃப்ளட்' ஆல்பம். அதில் வந்த 'பேர்ட்ஹவுஸ் இன் யுவர் சோல்' பிரிட்டனில் 6வது இடம் வரை போனது. அதற்கு மேல் போன சிங்கிள் அவர்களுக்குக் கிடையாது. சில வருடங்களில் அந்தக் கம்பெனியை விட்டும் வெளியே வந்துவிட்டார்கள். அவ்வளவுதானா? 1999ல் எம்பி3யாக மட்டுமே ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். ஐபாட் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால்! 'மால்கம் இன் தி மிடில்' டிவி தொடரின் பாட்டுக்கு 2002ல் கிராமி, குழந்தைகள் ஆல்பத்துக்கு 2009ல் இன்னொன்று.

"டிவி, குழந்தைப் பாட்டு என்று விலை போய்விட்டார்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூரியன் எரியும் வாயு என்று சொல்லும் 1959ம் வருடப் பாட்டு ஒன்றை இவர்கள் பாடி வந்தார்கள். 2009ல் குழந்தைகளுக்கான அறிவியல் ஆல்பத்தில் அதையும் பாடி, கூடவே "இல்லை, அது பிளாஸ்மா" என்று திருத்தி இன்னொரு பாட்டும் வைத்தார்கள். குழந்தைதானே, என்ன தெரியப் போகிறது என்று விடவில்லை பாருங்கள். விலை போனவர்கள் இவ்வளவு மெனக்கெடுவார்களா?

பி.காம் படிக்கிற எனக்கு இதில் தெரியும் கணக்கு இது: ஒரு நாள் கூட்டத்தை விட, திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்தான் கடையைக் காப்பாற்றுவார். ஆன்சரிங் மெஷின் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பாடும். அப்படி ஒவ்வொருவராகச் சேர்த்த கூட்டம்தான் நாற்பது வருடத்துக்கு மேல் இவர்களைத் தாங்குகிறது.

இதுவரை கேட்காதவர்கள் 'ஃப்ளட்'டில் ஆரம்பியுங்கள். முதல் தடவை பிடிக்காவிட்டால் பரவாயில்லை, இரண்டாம் தடவை கேட்டுவிட்டு என்னைத் திட்டுங்கள் :-)