கைக்குப் பச்சை குத்தும் கடிகாரம்!

கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதியில் பேரம் பேசித் தங்கக் கலர் வாட்ச் ஒன்றை 250 ரூபாய்க்கு முடித்துவிட்டால், நமக்கு டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டும் சேர்ந்து கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம்! மூன்றாவது மாசம் கழற்றிப் பாருங்கள். மணிக்கட்டில் வட்டமாக ஒரு பச்சை. பக்கத்து சீட்டு குமாஸ்தா, ''ஏனுங், பச்சை குத்தியிருக்கறீங்களா?'' என்பார்.

நண்பர் ஒருத்தர் கோபிக்குப் பொண்ணு பார்க்கப் போனார். வாட்சின் ஓரமெல்லாம் கறுத்துப் போனதால், சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டைக்குப் பட்டன் போட்டபடியே உட்கார்ந்திருந்தார். ''மாப்பிள்ளைக்குக் கையில ஏதாச்சும் காயமுங்களா?'' என்று உள்ளேயிருந்து கேள்வி வந்துவிட்டது, பாவம்!

பி.காமில் தேய்மானம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். இந்தத் தேய்மானத்துக்கு எந்த ஃபார்முலா என்று தெரிந்துகொள்ள, கணபதி பக்கம் முலாம் பூசும் பட்டறை ஒன்றுக்குப் போனேன்.

''உள்ள பித்தளை, இல்லாட்டி துத்தநாகக் கலவைங் தம்பி. அதுக்கு மேல நிக்கல். அதுக்கும் மேலதான் உங்க தங்கக் கலரு. அது சட்டை மாதிரி இல்லீங், மூஞ்சிக்குப் போடற பவுடர் மாதிரி!'' என்றார் பட்டறைக்காரர்.

மலிவு வாட்சில் அந்தப் பவுடர் ஒரு மைக்ரான் இருந்தாலே பெரிசு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றே சுமார் 70 மைக்ரான் தடிமன். (முடி இருக்கிறவர்களுக்கு!) இத்தனை மெல்லிசான முலாமில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். நம் வியர்வையில் உப்பும், தயிரைப் புளிக்க வைக்கிற அதே லாக்டிக் அமிலமும் உண்டு. இரண்டும் ஓட்டை வழியாக உள்ளே இறங்கிப் பித்தளையிலுள்ள செம்பைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் களிம்புதான் பச்சை. பித்தளைப் பாத்திரத்துக்குப் பாட்டி ஈயம் பூசினதும் இதே களிம்புக்குப் பயந்துதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற நமக்கே இப்படியென்றால், மெட்ராஸ்காரர்கள் கதியை நினைத்துப் பாருங்கள்!

பச்சை சோப்புப் போட்டால் போய்விடும். ஆனால் அரிப்பும் தடிப்பும் வந்தால் விஷயம் வேறு. அது பெரும்பாலும் நிக்கல் அலர்ஜி. தோலில் படுகிற சாமான்களில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு வைத்து ஐரோப்பாவில் 1994-லேயே உத்தரவு போட்டார்கள். அரிப்பு வந்தவர் வாட்சைக் கழற்றி வைப்பதுதான் உத்தமம்.

கலரில்லாத நெயில் பாலிஷ் வைத்தியம் பற்றியும் கேட்டேன். ''சில வாரம் தாங்குமுங். அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைச்சுட்டு, தோல் படற பக்கம் மட்டும் மெல்லிசா ரெண்டு தடவை தடவோணும். சாவியிலயும் மூடி இடுக்குலயும் படக்கூடாது.'' உரிந்தால் பழசை முழுக்க எடுத்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டுமாம். இல்லாவிட்டால் உரிந்த தோலுக்கு அடியில் வியர்வை குடித்தனம் வைத்துவிடும். இதைவிட, ராத்திரி கழற்றியதும் துணியால் துடைத்து வைப்பது காசில்லாத கோட்டிங்.

வாட்சின் முதுகில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தால் துள்ளாதீர்கள். ஸ்டீல் என்று சத்தியம் செய்வது பின்மூடிக்கு மட்டும்தான். சுற்றியிருக்கும் உடம்பு பித்தளையாக இருக்கலாம். 1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்த எச்.எம்.டி.யிலும் பல மாடல்கள் இந்த ஜாதிதான். வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் அப்பாக்களின் கையில் பித்தளை பல்லிளித்தபடி அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது!

இப்போது 'பி.வி.டி. கோட்டிங்' என்கிறார்கள். காற்றில்லாத அறையில் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனோடு சேர்த்துப் படிய வைப்பது. பளபளவென்று தங்கக் கலர். பொட்டுத் தங்கம் கிடையாது. சாதா முலாமைவிட ரொம்பக் கெட்டி. முழு ஸ்டீல் மேல் இதைப் பூசியிருந்தால், கீறல் விழுந்தாலும் பச்சை வராது. ஸ்டீலில் உள்ள குரோமியம் தானே மெல்லிசாக ஒரு படலம் போட்டுக்கொள்ளும். பித்தளை மேல் பூசியிருந்தால், கீறலுக்கு அப்புறம் பழைய கதைதான். அதனால் மேலே என்ன கோட்டிங் என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே என்ன உலோகம் என்று கேளுங்கள். கடைக்காரர் பேச்சை மாற்றினால், அதுவே பதில்!

கிளம்பும்போது, ''நீங்க என்ன வாட்ச் கட்டறீங்க?'' என்றேன். பட்டறைக்காரர் வெறும் கையைக் காட்டினார்.

''இங்க அடிக்கிற ஆசிட் ஆவிக்கு எதுவும் தாங்காதுங். மணி வேணும்னா செல்போனு!''