பெட்டி பார்த்துக்கொள்ளுமா?



இந்த இதழில் ஸ்கைடைவிங் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வருகிறது. விமானத்திலிருந்து குதித்து, பாராசூட் விரித்துத் தரையிறங்கும் விளையாட்டுதான். பக்கங்களை வடிவமைத்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில் அந்தப் படங்களைப் பார்த்த ஒவ்வொருவரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இவங்களை வீட்டுல யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்களா?" சொல்வார்கள். சொன்னாலும் குதிப்பார்கள். அந்த விவகாரத்தைக் கட்டுரையாளர் விரிவாகவே பேசியிருக்கிறார். நான் இந்தப் பக்கத்தில் பேச நினைப்பது, அவர்கள் முதுகில் சுமந்து செல்லும் ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி.

குதிப்பவரின் முதுகுப்பையில் இரண்டு பாராசூட்கள் இருக்கும். ஒன்று மெயின், இன்னொன்று ஆபத்துக்கு உதவும் ரிசர்வ். பதின்மூன்றாயிரம் அடியில் விமானத்தை விட்டால் ஏறத்தாழ ஒரு நிமிடம் வெறுமனே விழலாம். வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரைத் தாண்டும். மணிக்கட்டில் கட்டிய உயரமானியைப் பார்த்து, உரிய உயரம் வந்ததும் கையால் மெயினை விரிக்க வேண்டும். சரி, கை வரவில்லை என்றால்? நடுவானில் இன்னொருவர் மோதி மயக்கம் போட்டுவிட்டால்? கைப்பிடியைத் தேடுகிற பதற்றத்தில் உயரமானியைப் பார்க்கவே மறந்துவிட்டால்? அதற்குத்தான் இந்தப் பெட்டி. ஏ.ஏ.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். யாரும் இழுக்காமலே ரிசர்வைத் திறந்துவிடும் சாதனம்.

இவற்றில் பெயர்பெற்றது ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த 'சைப்ரஸ்'. காற்றழுத்தத்தை இடைவிடாமல் அளந்து, உயரத்தையும் விழும் வேகத்தையும் அது கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. தேர்ந்தவர்களுக்கான வகையில், தரைக்கு மேல் சுமார் 225 மீட்டர் உயரத்துக்கு வந்த பிறகும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேலான வேகத்தில் ஒருவர் விழுந்துகொண்டிருந்தால், 'இவர் பாராசூட் விரிக்கவில்லை' என்று அது முடிவு கட்டுகிறது. ரிசர்வ் பையை மூடிப் பிடித்திருக்கும் மெல்லிய கயிற்று வளையத்தை வெடிமருந்தால் இயங்கும் ஒரு சிறு கத்தி அறுத்துவிடுகிறது. ஸ்பிரிங் வைத்த குட்டிப் பாராசூட் வெளியே துள்ளி, பின்னாலேயே ரிசர்வை இழுத்து வருகிறது. மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுபவர் அந்த உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறத்தாழ நான்கு நொடிதான். அந்த நான்கு நொடிக்குள் எல்லாம் நடந்து முடிந்தாக வேண்டும்.

அதை இயக்குகிற விதம் எனக்கு இன்னும் பிடித்திருந்தது. பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட முடியாது. அழுத்த வேண்டும், சிவப்பு விளக்கு மினுங்கக் காத்திருக்க வேண்டும், மினுங்கியதும் உடனே மறுபடி அழுத்த வேண்டும். இப்படி மொத்தம் நான்கு முறை. ஒரு மினுக்கைத் தவறவிட்டால் முதலிலிருந்து ஆரம்பம். முதுகுப்பை எதிலாவது இடிபட்டுத் தானாக இயங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பிறகு திரையில் பத்திலிருந்து பூஜ்யம் வரை எண்கள் இறங்கும். அதற்குள் தன்னைத்தானே சோதித்து, அங்குள்ள காற்றழுத்தத்தைத் 'தரை' என்று குறித்துக்கொள்ளும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கே இயக்கினோமோ அதுதான் அதற்குத் தரை. மலைமேல் இருக்கும் வீட்டில் இயக்கிவிட்டுக் கீழே சமவெளியில் இருக்கும் குதிதளத்துக்கு வண்டி ஓட்டிப் போனால், பெட்டியின் கணக்கில் தரை தப்பான இடத்தில் இருக்கும். வேறு எங்கோ தரையிறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால் அணைத்துவிட்டு மறுபடி இயக்க வேண்டும். அத்தனை சாமர்த்தியமான பெட்டிக்கும் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை நாம்தான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

இதற்கு முன்பும் இப்படிப்பட்ட கருவிகள் இருந்தன. சோவியத்தின் கே.ஏ.பி.-3, அமெரிக்காவின் எஃப்.எக்ஸ்.சி. போன்ற இயந்திரக் கருவிகள். அவற்றைப் பழகுநர்களின் முதுகில் கட்டி அனுப்பினார்கள், அனுபவசாலிகள் தொடவில்லை. 'நமக்கு எதுக்கு அது?' என்கிற மிதப்பு கொஞ்சம் இருந்தது, உண்மைதான். ஆனால் அந்த மறுப்பை முழுக்க வீம்பு என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அந்தக் கருவிகளின் துல்லியம் போதவில்லை. வேண்டாத நேரத்தில் ரிசர்வ் வெளியே வந்தால் ஏற்கெனவே விரிந்திருக்கும் மெயினோடு சிக்கலாம். விமானத்தின் திறந்த கதவருகே வந்தால் காற்று அதைப் பிடித்து இழுத்து வால்பகுதியில் சுற்றி, விமானத்தில் இருக்கும் எல்லோருக்குமே ஆபத்தாகலாம். அப்படிப்பட்ட கருவியை வேண்டாம் என்று சொன்னவர்கள் விவரம் தெரிந்தே சொன்னார்கள். நம்பகமான மின்னணுப் பெட்டி வந்த பிறகு அந்த நிலைமை மாறியது. அதே அனுபவசாலிகள் அதை மாட்டிக்கொண்டார்கள். இன்று பல குதிதளங்களில் அது இல்லாமல் விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள்.

இதன் பிறகு நடந்ததுதான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

பில் பூத் என்றொரு அமெரிக்கர். சிக்கிய மெயினை ஒரே இழுப்பில் கழற்றிவிடும் மூன்று வளைய அமைப்பை உருவாக்கியவர். ஒரு பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிப் புதியவரைக் குதிக்க வைக்கும் டாண்டம் முறையின் முன்னோடிகளில் ஒருவர். வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்புச் சாதனங்களைச் செய்த இந்த மனிதர் பெயரில்தான் அந்த வட்டாரத்தில் ஒரு கசப்பான விதி உலவுகிறது: சாதனங்கள் எவ்வளவுக்குப் பாதுகாப்பாகின்றனவோ அவ்வளவுக்குக் குதிப்பவர்கள் துணிச்சலைக் கூட்டிக்கொள்வார்கள், சாவுக் கணக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். கார் ஓட்டுநர்களைப் பற்றி சிகாகோ பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மேன் 1975-இல் ஏறக்குறைய இதையே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். பூத்தைத் திட்ட ஆளில்லை. அவர் சொன்னது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

1990-களில் பாராசூட்கள் சிறுத்தன, வேகம் கூடியது. தரைக்கு அருகில் சடாரென்று ஒரு திருப்பம் போட்டு, அந்தப் பாய்ச்சலில் புல்லை உரசியபடி சீறிச் செல்வது தனி வித்தையாகவே வளர்ந்தது. 'ஸ்வூப்' என்கிறார்கள். பாராசூட் விரிக்காமல் இறந்தவர்கள் குறைய, எந்தக் கோளாறும் இல்லாமல் முழுதாக விரிந்த பாராசூட்டின் கீழேயே தரையில் மோதி இறந்தவர்கள் கூடினார்கள். இதில் இன்னொரு வேடிக்கை. வேடிக்கை என்று சொல்ல நா கூசுகிறது. இந்தத் திருப்பங்களில் கீழ்நோக்கிய வேகம் அவ்வளவு ஏறியதால், விரிந்த பாராசூட்டில் வருபவரையே 'விழுகிறார்' என்று பெட்டி தவறாக எடுத்துக்கொள்ளும் நிலை வந்தது. அதற்காகவே வேக வரம்பை உயர்த்தி, ஸ்வூப் செய்பவர்களுக்கென்று தனி ரகம் ஒன்றைச் செய்தார்கள். மனிதன் துணிச்சலைக் கூட்டுகிறான், பெட்டி அவனுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது.

ஆனாலும் பூத்தின் விதியை முழுசாக நம்பிக் கைகட்டி உட்கார முடியாது. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் கணக்கைப் பாருங்கள். 1970-களில் அந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இதில் இறந்தார்கள். 2024-இல் 38 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிப்புகளுக்கு ஒன்பது பேர். சாவுக் கணக்கு இருந்த இடத்தில் நிற்கவில்லை. பெட்டிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மற்ற பங்கு எதற்கு? வேகமாக இறங்குபவர்களுக்கும் மெதுவாக இறங்குபவர்களுக்கும் தரையிறங்கும் இடத்தைப் பிரித்தார்கள். விரிந்த பாராசூட்டை ஓட்டுவதற்கென்றே பயிற்சி வைத்து, உரிமத்தின் ஒரு கட்டத்தில் அதைக் கட்டாயமாக்கினார்கள். 2013-இல் அனுபவசாலிகளுக்கான குறைந்தபட்ச விரிப்பு உயரத்தை 2,000 அடியிலிருந்து 2,500 அடியாக உயர்த்தினார்கள். கடைசிக் கணம் வரை விழுந்துவிட்டு மெயினை விரித்தால், அது முழுதாக விரிவதற்குள் பெட்டியும் ரிசர்வைத் திறந்துவிடக்கூடும்; அந்த இடைவெளியை அகலமாக்கினார்கள். விற்பனைக்கு வராத, படம்பிடித்துப் போட ஒன்றுமில்லாத சலிப்பான ஏற்பாடுகள் இவை. எனக்கு இவற்றின் மேல்தான் மரியாதை அதிகம்.

இனி, தானாகத் திறக்கும் ரிசர்வால் பிழைத்து, மறுபடியும் குதிக்கப் போன ஒரு மனிதரைப் பற்றி. ஜோசப் கிட்டிங்கர், அமெரிக்க விமானப்படை கேப்டன். உயர்ந்த வான்வெளியிலிருந்து விமானி வெளியேறினால் உயிர் தப்ப முடியுமா என்று சோதிக்க, ராட்சத பலூனில் ஏறிக் குதித்தவர். 1959 நவம்பரில் முதல் குதிப்பு, 76,400 அடியிலிருந்து. உடலை நிலைநிறுத்த வேண்டிய சிறு பாராசூட் முன்கூட்டியே வெளியே வந்து அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நிமிடத்துக்கு 120 சுற்று வேகத்தில் பம்பரமாகச் சுழன்று நினைவிழந்தார். தானாகத் திறக்கும் ரிசர்வ் அவரைக் காப்பாற்றியது. அது இல்லையென்றால் அந்தக் கதை அன்றே நியூ மெக்ஸிகோ பாலையில் முடிந்திருக்கும்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பரில் மறுபடி குதித்தார். 1960 ஆகஸ்ட் 16 அன்று மூன்றாவது குதிப்பு, 1,02,800 அடியிலிருந்து. பலூன் ஏறிக்கொண்டிருக்கும்போதே வலதுகை உறையில் அழுத்தம் நிற்காமல் போனது. கை வீங்கத் தொடங்கியது, வலியும் சேர்ந்தது. தரையில் இருப்பவர்களிடம் சொன்னால் இறங்கச் சொல்லிவிடுவார்கள் என்பதால், ஏறி முடியும் தறுவாய்வரை சொல்லாமல் வைத்திருந்தார். குதித்தார். நான்கரை நிமிடத்துக்கும் மேல் விழுந்து, பத்திரமாக இறங்கினார். சில மணி நேரத்தில் கை பழைய நிலைக்கு வந்தது.

இதை வீரம் என்று எழுதுவது சுலபம், பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஓர் உறுத்தல் உண்டு. தன் கை, தன் உயிர், அதன் விலையைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'நிறுத்து' என்று சொல்வதற்காகவே தரையில் உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து அந்தத் தகவலை மறைத்தபோது, அவர்களுடைய தீர்மானத்தையும் அவரே எடுத்துக்கொண்டார். நல்லபடியாக முடிந்ததால் நாம் கைதட்டுகிறோம். முடிவு நன்றாக அமைந்தது என்பதற்காக எடுத்த தீர்மானமும் நல்லதாகிவிடாது. கிட்டிங்கர் தொண்ணூற்று நான்கு வயது வரை வாழ்ந்து 2022-இல் காலமானார். அதற்காக மகிழ்கிறேன், உறுத்தல் அப்படியேதான் இருக்கிறது.

ஸ்கைடைவர்களிடையே ஒரு பழைய விவாதம் உண்டு. இன்று பெட்டி பழுது, சர்வீஸுக்குப் போயிருக்கிறது. திட்டமிட்ட அதே குதிப்பைச் செய்வாயா? 'மாட்டேன்' என்பவரை, கருவியை நம்பித் தன் திறமைக்கு மீறிய குதிப்பில் இறங்குபவர் என்று ஒரு சாரார் குறை சொல்வார்கள். 'செய்வேன்' என்பவரை, தனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கும் அசடு என்று மறு சாரார் சொல்வார்கள். நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுப் பார்ப்பவரோடு சேர்ந்துகொள்கிறேன். 'மாட்டேன்' என்று பதில் வந்தால், பெட்டி திரும்பி வரும்வரை காத்திருக்கலாம். கூட்டம் குறைந்த, எளிமையான குதிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். மூன்றுமே மரியாதைக்குரிய பதில்கள்தான்.

நம்மில் பெரும்பாலோர் விமானத்திலிருந்து குதிக்கப் போவதில்லை. ஆனால் ஏர்பேக் இருக்கிறது என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் முள்ளை நூற்று இருபதுக்கு ஏற்றுகிறவர்களோடு பயணம் செய்திருக்கிறோம். அதே காரில் பின்சீட்டில் பெல்ட் போடாத குழந்தை நின்றுகொண்டிருக்கும். அதைச் சுட்டிக்காட்டினால், "அதான் எல்லா சேஃப்டியும் இருக்கே" என்பார்கள்.

கட்டுரையைப் படியுங்கள். வேலையிலோ வண்டியிலோ, பாதுகாப்புச் சாதனம் ஒன்று உங்களைக் காப்பாற்றிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அது இருக்கிறது என்ற தைரியத்தில் ஏதாவது செய்யத் துணிந்து, கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்று திரும்பிய கதை இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அப்படிப்பட்ட கதைகளை யாரும் அச்சில் போடுவதில்லை. அடுத்த இதழில் அவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்