வகுப்பறைக்கு வரும் செயற்கை நுண்ணறிவு: பெற்றோருக்கும் ஊராருக்கும் ஒரு வேண்டுகோள்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்துகிறவர்கள், நடத்தி ஓய்வு பெற்றவர்கள், அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெற்றோர், அதே பள்ளிகளில் படித்துவிட்டு இன்று கணினித் துறையில் வேலை பார்ப்பவர்கள் எனப் பலரும் சேர்ந்த குழு ஒன்று இந்த வேண்டுகோளைப் பொதுமக்கள் முன் வைக்கிறது. குழு கேட்பது இதுதான்: வகுப்பறைக்கு வரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி எதுவானாலும், அது பிள்ளைக்கு விடையைச் சொல்லிவிடுகிறதா, விடையைத் தானே கண்டுபிடிக்கத் துணை நிற்கிறதா என்பதைப் பெற்றோரும் ஊராரும் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கருவியை வாங்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

இதை இப்போதே எழுப்பக் காரணம் உண்டு. 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் கணினிவழிச் சிந்தனையும் பாடத்திட்டத்தில் இடம்பெறும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ், இணையக் கருவிகள் ஆகியவற்றைக் கற்றுத்தர 'டிஎன் ஸ்பார்க்' திட்டம் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் படிப்பது வேறு. கணக்கையும் அறிவியலையும் அதைக் கொண்டு படிப்பது வேறு. முதலாவதற்குப் பாடத்திட்டம் இருக்கிறது, அதை வகுத்த வல்லுநர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதோ, அப்பா அம்மாவின் செல்போன் வழியாக, யாரிடமும் அனுமதி கேட்காமல் வீட்டுப்பாட நோட்டுக்குள் வந்துவிட்டது.

நம் பள்ளிகளுக்குக் கருவிகள் புதியவை அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாயின. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 2023-ல் மணற்கேணி செயலி வந்தது. 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட்டுகள் என்று அரசின் அறிவிப்புகள் தொடர்ந்தன. இவ்வளவும் மக்கள் பணம். எத்தனை கருவிகள் வந்தன என்பது சட்டமன்றத்தில் சொல்லப்படுகிறது, செய்தித்தாளில் அச்சாகிறது. அந்தக் கருவியின் முன்னால் உட்கார்ந்த பிள்ளை அன்றைக்கு என்ன கற்றது என்பதை அந்தந்த ஊரில்தான் பார்க்க முடியும்.

ஒரு சிறிய கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி, 2/5 என்று நோட்டில் எழுதுகிறாள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டாள். கணக்கு ஆசிரியர்கள் வருடா வருடம் பார்க்கும் தவறு இது. செல்போனில் கேட்டால் 5/6 என்ற விடை, படிப்படியான செய்முறையோடு, இரண்டு நொடியில் திரையில் வந்துவிடும். அவள் அதைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவாள். முதல் விடை ஏன் தப்பு என்று அவளுக்குத் தெரியாது.

அனுபவமுள்ள ஆசிரியர் அந்த இடத்தில் விடையைச் சொல்வதில்லை. "ஒரு தோசையில பாதி பெருசா, அஞ்சுல ரெண்டு பங்கு பெருசாம்மா?" என்று கேட்பார். அவள் கொஞ்சம் யோசித்து, "பாதிதான் சார்" என்பாள். "அப்போ பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, பாதியைவிடக் குறைச்சலா எப்படி வரும்?" என்று அடுத்த கேள்வி வரும். அவள் நோட்டைத் திரும்பப் பார்ப்பாள், ரப்பரைத் தேடுவாள். பகுதிகளைச் சமமாக்க வேண்டும், அதற்கு மீ.சி.ம. காண வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் அவளுக்குப் பொருள்படும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியை இப்படிக் கேள்வி கேட்கும்படியும் அமைக்கலாம், விடையைக் கொட்டும்படியும் அமைக்கலாம். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைத் துருக்கியில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹம்சா பஸ்தானியும் உடன் ஆய்வாளர்களும் அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பாடநூலும் நோட்டும்தான். இரண்டாவது பிரிவுக்குக் கேட்டதைச் சொல்லும் சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவி. மூன்றாவது பிரிவுக்கு ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தந்து, விடையை நேராகச் சொல்லாத கருவி. பயிற்சிக் கணக்குகளில் இரண்டாவது பிரிவு 48 விழுக்காடும், மூன்றாவது பிரிவு 127 விழுக்காடும் கூடுதல் மதிப்பெண் பெற்றன. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். விடை சொல்லும் கருவியோடு பழகிய மாணவர்கள், கருவியே தொடாத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். குறிப்பு தரும் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்தச் சரிவு பெருமளவு ஏற்படவில்லை. இன்னொன்றும் தெரிய வந்தது: தேர்வில் பின்தங்கிய மாணவர்கள், தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதை உணரவே இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. வீட்டுப்பாடம் சீக்கிரம் முடிகிறது, நோட்டு முழுக்கச் சரிக்குறி. பிள்ளையும் நன்றாகப் படிப்பதாகவே நம்புகிறது. தேர்வு அறையில் உட்காரும்போதுதான் உண்மை தெரிகிறது.

கருவியால் நன்மை விளைந்த இடங்களும் உண்டு. அவற்றையும் இந்தக் குழு மறைக்க விரும்பவில்லை. டெல்லியில் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த 'மைண்ட்ஸ்பார்க்' கணினிவழிக் கற்றல் மையங்களை கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரும் ஆராய்ந்தார்கள். 619 மாணவர்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, அங்கிருந்து பாடத்தைத் தொடங்கியது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியரால் எளிதில் செய்ய முடியாத வேலை அது. அந்த மையத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதிதான் கணினிக்கு. மீதிப் பாதியில் பன்னிரண்டு, பதினைந்து பேர் கொண்ட சிறு குழுவுக்கு ஒருவர் நேரில் சொல்லிக்கொடுத்தார்.

தமிழ்நாட்டிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் பிள்ளைகள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது என்று சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு கண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் கிடைத்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் முதுகெலும்பு, அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள். மாலையில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். டெல்லியில் மென்பொருளும் மனிதரும், இங்கே மனிதர் மட்டும். இரண்டு இடத்திலும் பிள்ளை யோசித்தது. தடுமாறியபோது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார்.

கருவியை மட்டும் நம்பியவர்களின் அனுபவம் வேறு. பெரு நாடு லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்கு வழங்கியது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றம் தெரியவில்லை. தென் கொரியா 2025 மார்ச்சில் கணக்கு, ஆங்கிலம், கணினியியல் பாடங்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. ஆசிரியர்களும் பெற்றோரும் அதற்கு முன்பிருந்தே எதிர்ப்புச் சொல்லிவந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அவற்றைப் பாடநூல் என்ற நிலையிலிருந்து துணைக்கருவி நிலைக்கு இறக்கியது. பெரும் பணம் செலவான பிறகு எழுந்த கேள்விகள் முன்பே கேட்கப்பட்டிருக்கலாம்.

கேரளம் இன்னொரு வழியில் போனது. அங்கே பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் அரசு நிறுவனமான 'கைட்' 2024-ல் சுமார் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவில் மூன்று நாள் பயிற்சி தரும் வேலையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலிலும் அதைச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் ஏற்கெனவே 'எமிஸ்' என்ற கல்வித் தகவல் தளத்தின் பதிவுகளும் செயலி வருகைப்பதிவும் பாட நேரத்தைத் தின்பதாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் தலையில் இன்னொரு செயலியை ஏற்றினால் அது பதிவேடாகத்தான் முடியும். ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் கிடைத்தால்தான் கருவி பாடத்துக்குப் பயன்படும்.

பிள்ளைகளின் தகவல் இன்னொரு கவலை. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2022-ல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 89 விழுக்காடு, குழந்தைகளின் உரிமையை மீறும் வகையிலோ ஆபத்துக்குள்ளாக்கும் வகையிலோ தகவல்களைக் கையாண்டன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகளும் உண்டு. ஆகவே பிள்ளையின் குரல், எழுத்து, மதிப்பெண், தவறுகள் ஆகியவை எங்கே போகின்றன, எவ்வளவு காலம் வைக்கப்படுகின்றன என்று பெற்றோர் கேட்பது அவசியம்.

இந்தக் குழு பொதுமக்களிடம் வேண்டுவது பின்வருமாறு.

பெற்றோருக்கு: வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளை செல்போனில் எப்படிப் படிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிராமப்புறக் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் அசர் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் 57 விழுக்காட்டினர் முந்தைய வாரத்தில் படிப்புக்கும், 76 விழுக்காட்டினர் சமூக ஊடகத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெற்றோருக்கு ஆங்கிலமோ கணினியோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் போதும்.

ஆசிரியர்களுக்கு: கருவியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் தங்களுக்கும் இடம் கேட்க வேண்டும். தமிழ்வழிப் பிள்ளைக்குக் கருவி தமிழில், பாடநூலில் உள்ள அதே கலைச்சொற்களோடு பேசுகிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும். பார்வைத்திறன் குறைந்த பிள்ளைக்குப் பாடத்தை வாசித்துக் காட்டவும், எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளை வெட்கமில்லாமல் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்யவும் உதவும் கருவிகளை முன்னால் நின்று கேட்டுப் பெற வேண்டும்.

முன்னாள் மாணவர்களுக்கும் கொடையாளர்களுக்கும்: 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர் பள்ளி' என்ற அரசுத் திட்டத்தின் வழியாகவோ நேரடியாகவோ பள்ளிக்குத் திரையும் கணினியும் வாங்கித் தருபவர்கள், அதோடு யூபிஎஸ், இணைய இணைப்பு, பழுதுபார்ப்பு, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்கும் மூன்று ஆண்டுச் செலவைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு: 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த இந்தக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அதன் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2024-ல் நடந்த மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. எந்தச் செயலியானாலும் பள்ளிக்குள் வருவதற்கு முன் அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன்னால் இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். அந்தப் பின்னக் கணக்கையே கொடுத்து, வேண்டுமென்றே 2/5 என்று தவறாக எழுதிப் பார்க்கலாம். கருவி உடனே 5/6 என்கிறதா, பிள்ளையைத் திருப்பிக் கேட்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான்கு கேள்விகளைப் பொருளாக வைக்குமாறு இந்தக் குழு கேட்டுக்கொள்கிறது. கருவி விடை சொல்கிறதா, குறிப்புத் தருகிறதா? அதைப் பயன்படுத்தும்போது ஆசிரியர் எங்கே இருப்பார், அவருக்கு என்ன பயிற்சி கிடைத்தது? பிள்ளையின் தகவல் யாரிடம் போகிறது? ஓராண்டு கழித்து, கருவி இல்லாமல் வைக்கும் தேர்வில் பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள் என்று யார் பார்த்துச் சொல்வார்கள்? கிடைக்கும் பதில்களைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதி, ஒரு நகலைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பதில் கிடைக்காத கேள்விகளை அடுத்து வரும் கிராம சபைக்கோ வார்டு உறுப்பினரிடமோ எடுத்துச் செல்ல வேண்டும்.