குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம்

"எங்க குழந்தை ரொம்ப சமர்த்து. பாலைக் குடிச்சா தூங்கிடும். அழவே அழாது!" இப்படிப் பெருமைப்படாத பாட்டி உண்டா? பெரும்பாலும் அது சமர்த்துதான். ஆனால் சகோதரிகளே, தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தைகளும் இப்படித்தான் தூங்கி வழியும்.

உலக அளவில் சுமார் 2000 முதல் 4000 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவியிலேயே இந்தக் குறை இருக்கிறது. நம் நாட்டில் இன்னும் அதிகம். "பார்த்தாலே தெரியாதா?" என்பீர்கள். தெரியாது, அதுதான் சங்கடம். வயிற்றில் இருக்கும்வரை தாயின் ஹார்மோன் கொஞ்சம் கை கொடுப்பதால், பிறக்கும்போது குழந்தை நன்றாகவே இருக்கும். காமாலை நீடிப்பது, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தடித்த நாக்கு என்று ஒவ்வொன்றாய்த் தெரிவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதற்குள் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பிறகு மருந்து கொடுத்தாலும் இழந்தது முழுசாகத் திரும்பாது.

இதைத் தடுக்கத்தான் குதிகாலில் ஊசி முனையால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை வடிதாளில் எடுத்துக் காயவைத்து அனுப்புகிறார்கள். அதில் டி.எஸ்.எச். ஹார்மோன் கூடியிருந்தால், தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகம்.

காய்ந்த ஒரு பொட்டு இரத்தத்தில் அத்தனை நுண்ணிய அளவை எப்படிப் பார்ப்பது? 1970களில் கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் இந்தச் சோதனை தொடங்கியபோது கதிரியக்க அயோடினை உபயோகித்தார்கள். அதன் வீரியம் 60 நாளில் பாதியாகிவிடும், பாதுகாப்பும் தொல்லை. 1980களில் பின்லாந்தின் துர்க்கு நகரத்து விஞ்ஞானிகள் வேறு வழி செய்தார்கள். 1901-ல் பிரான்சில் டெமார்சே கண்டுபிடித்த யூரோப்பியம் என்ற அருமண் உலோகத்தை அதற்குப் பிடித்தார்கள். (அருமண் உலோகங்கள் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உண்டு.)

யூரோப்பியம் தானாக வெளிச்சத்தை அதிகம் வாங்காது. ஆகவே அதைச் சுற்றி ஒரு கரிமப் பொருளைக் கட்டுகிறார்கள். அது புற ஊதா ஒளியை வாங்கி உள்ளே கொடுக்க, யூரோப்பியம் சிவப்பாக ஒளிர்கிறது. இரத்தம், காகிதம், பிளாஸ்டிக் எல்லாமே கொஞ்சம் ஒளிரத்தான் செய்யும். ஆனால் கண நேரத்தில் அணைந்துவிடும். யூரோப்பியமோ, கோயில் மணியை அடித்து நிறுத்திய பிறகும் ரீங்காரம் கேட்பது போல, பின்னும் ஒளிரும். ரொம்ப நேரமில்லை, விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சில நூறு பங்கு! கருவிக்கு அதுவே போதும். மற்ற வெளிச்சம் ஓயும்வரை காத்திருந்து, மிஞ்சிய சிவப்பை மட்டும் அளக்கிறது. டி.எஸ்.எச். எவ்வளவோ, சிவப்பும் அவ்வளவு.

இப்போது வேறு பல சோதனைகளில், கண்ணுக்குத் தெரியாத பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மணிகளுக்குள் யூரோப்பியத்தை நிரப்பியே தருகிறார்கள். ஒரு மணிக்குள் ஆயிரக்கணக்கில் அடங்கும். தண்ணீர் பட்டால் யூரோப்பியத்தின் ஒளி மங்கும். பிளாஸ்டிக் அதைக் காக்கிறது.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

1. எல்லா ஆஸ்பத்திரியிலும் தானாகவே எடுத்து விடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். "தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

2. குதிகால் இரத்தத்தைப் பிறந்த 48 மணியிலிருந்து 72 மணிக்குள் எடுப்பது நல்லது. பிறந்த உடனே டி.எஸ்.எச். இயல்பாகவே ஏறியிருக்கும். சில ஆஸ்பத்திரிகளில் தொப்புள்கொடி இரத்தத்திலேயே பார்ப்பதும் உண்டு. முன்னதாக வீட்டுக்கு அனுப்பினால், திரும்ப எப்போது வர வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

3. முடிவு வந்ததா என்று நீங்களே விசாரியுங்கள். அளவு கூடியிருந்தால் பதற வேண்டாம். இரத்த நாளத்திலிருந்து எடுத்து மறுபடி பார்ப்பார்கள்.

4. குறை உறுதியானால் தாமதிக்காமல், குழந்தை பிறந்த இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். தினம் ஒரு வேளை டாக்டர் சொன்ன அளவு மாத்திரையைப் பொடித்து, கொஞ்சம் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கலந்து பாலாடையில் புகட்டலாம். பாட்டில் நிறைய பாலில் கலக்காதீர்கள். குழந்தை மிச்சம் வைத்தால் மருந்தும் போச்சு. இரும்புச் சத்து, கால்சியம் மருந்துகளை அதே சமயத்தில் கொடுக்கக் கூடாது.

"பச்சைக் குழந்தையைப் போய்க் குத்தறதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கலாம். ஒரு நிமிஷ அழுகைதான் என்று பக்குவமாய் எடுத்துச் சொல்லுங்கள். காலத்தில் மாத்திரை தொடங்கிய குழந்தை, மற்றக் குழந்தைகளைப் போலவே ஓடியாடிப் பள்ளிக்கூடம் போகும்.