துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு

வடக்கின் சுகாதாரம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது கட்டடங்களிலும் இயந்திரங்களிலும் வந்து நின்றுவிடுகிறது. புதிய விடுதி திறக்கப்படுகிறது, நாடா வெட்டப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது. நோயாளிக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பின்னர் என்ன நடக்கிறது என்பதை எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை. அந்தக் கேள்வியை இங்கே ஓர் அரிய பிறவிக் குறைபாட்டை வைத்துக் கேட்க விரும்புகிறேன்.

சில குழந்தைகள் உணவுக்குழாய் முழுமையடையாமல் பிறக்கின்றன. வாயிலிருந்து இறங்கும் குழாய் நெஞ்சின் நடுவிலேயே மூடிவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகளில் கீழ்ப்பகுதிக் குழாய் மூச்சுக்குழாயோடு ஒட்டித் திறந்திருக்கும். விழுங்க முடியாத உமிழ்நீர் வாயில் நுரையாகத் தள்ளும். பால் கொடுத்தால் புரையேறி உடல் நீலம் பாரிக்கும். உலக அளவில் 2,500 முதல் 4,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற வீதத்தில் இது காணப்படுகிறது. ஆண்டுக்கு 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் நம் நாட்டில், அந்தக் கணக்கின்படி நாற்பது குழந்தைகளாவது ஒவ்வொரு ஆண்டும் இப்படிப் பிறக்கக்கூடும்.

1941ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகனில் கமரோன் ஹெயிற் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இரு முனைகளையும் நேரடியாக இணைத்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினார். அதற்கு முன்னர் இந்தக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ எல்லாமே இறந்துபோயின. இன்று வசதியுள்ள வைத்தியசாலைகளில், போதிய எடையோடும் இருதயக் கோளாறு இல்லாமலும் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உயிர் தப்புகின்றன. இது மருத்துவத்தின் பெரிய வெற்றி. ஆனால் பெற்றோரின் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது.

தையலுக்குப் பின்னால் வருபவை

முதல் வாரத்தில் வரும் ஆபத்து, தைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது. நெஞ்சில் வைத்த வடிகுழாயில் உமிழ்நீர் வரத் தொடங்கும். வாய்வழி எதுவும் கொடுக்காமல், நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் குழாய்வழி ஊட்டமும் கொடுத்துக் காத்திருந்தால் பெரும்பாலான கசிவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும். இது வைத்தியசாலைக்குள் கவனிக்கப்படும் சிக்கல். மற்றவை வீட்டில்தான் தலைகாட்டும்.

அவற்றில் அதிகம் வருவது சுருக்கம். தைத்த இடம் தழும்பாகி இறுகிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இது வரலாம். பால் குடிக்க வழமையை விட நீண்ட நேரம் எடுப்பது, குடித்த பால் அப்படியே திரும்பி வருவது, எடை கூடாமல் நிற்பது ஆகியவை இதன் அடையாளங்கள். மயக்க மருந்து கொடுத்து, பலூன் அல்லது விரிகோல் கொண்டு அந்த இடத்தை விரிக்க வேண்டும். ஒரு தடவையோடு முடியாது. சில குழந்தைகளுக்குப் பல தடவை செய்ய நேரும். இரைப்பை அமிலம் மேலே ஏறி அந்தத் தழும்பை மேலும் இறுக்கும் என்பதால், முதல் ஆண்டில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தை விடாமல் கொடுக்கச் சொல்கிறார்கள்.

அடுத்தது இருமல். இந்தக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்ச் சுவர் மென்மையாக இருப்பதால் நாய் குரைப்பது போன்ற இருமல் வரும். ஊரில் அதை முட்டு என்று சொல்லி ஆவி பிடிக்க வைப்பார்கள். பால் குடிக்கும்போது குழந்தை நீலம் பாரித்தால் அது அவசர நிலை. ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் இருமல் வந்து, நெஞ்சில் சளித்தொற்று திரும்பத் திரும்ப வந்தால், மூச்சுக்குழாயோடு இருந்த பழைய துளை மீண்டும் திறந்திருக்கலாம். குழந்தை திட உணவு உண்ணத் தொடங்கிய பின் பாணும் இறைச்சியும் தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். வளர்ந்த பிறகும் மெதுவாகச் சாப்பிட வேண்டும், இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் முதலில் காண்பவர் தாய்தான். அந்தத் தாய்க்கு நாம் என்ன கொடுத்து அனுப்புகிறோம்?

தாயின் கையில் இருப்பது

நான் வைத்தியர் இல்லை. வன்னியிலிருந்து கொழும்புக்குக் குழந்தைகளைக் கொண்டுபோகும் குடும்பங்களோடு மொழிபெயர்ப்புக்காகச் சில தடவை போயிருக்கிறேன். அவர்கள் கையிலிருந்த டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் இருந்தது. தாதி சொன்ன அறிவுரை சிங்களத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தெளிவாக விளங்கியது அடுத்த கிளினிக் திகதி மட்டும்தான். தமிழும் ஆட்சிமொழி என்று 13ஆவது திருத்தம் எழுதி வைத்து நாற்பது ஆண்டுகளை நெருங்குகிறோம். ஒரு குழந்தையின் மூச்சு சம்பந்தப்பட்ட அறிவுரையில் அது நடைமுறைக்கு வரவில்லை என்றால் வேறு எங்கே வரும்?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நாட்கூலிக்குப் போகும் தகப்பனுக்கும் தனித்து நின்று குடும்பம் நடத்தும் தாய்க்கும் ஒரு கிளினிக் என்பது இரண்டு மூன்று நாள் உழைப்பு. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பஸ் கட்டணமும் மருந்துச் செலவும் ஏறின, பல வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். குழந்தை பார்வைக்கு நன்றாக இருக்கும் மாதத்தில் கிளினிக்கைத் தவறவிடுவது இயல்பு. தழும்பு இறுகுவதும் அந்த மாதத்தில்தான் நடக்கும்.

நிர்வாகமும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இருக்கிறது. கிராமத்துச் சுகாதார சேவை மாகாணத்தின் கீழ் வருகிறது. வடக்கு மாகாண சபையோ 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்து, தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமலே கிடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் குழந்தைக்காகக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

எதைக் கேட்க வேண்டும்?

இந்தச் சத்திரசிகிச்சையை ஒவ்வொரு மாவட்டத்திலும் செய்ய வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அரிய சத்திரசிகிச்சைகளை அடிக்கடி செய்து பழகிய கைகள் சில இடங்களில் குவிந்திருப்பதே குழந்தைக்கு நல்லது. பின்பராமரிப்புக்கு அந்த நியாயம் பொருந்தாது. மாதம் தோறும் எடை பார்ப்பதற்கும், அமில மருந்தின் அளவை எடைக்கேற்பக் கூட்டுவதற்கும், ஆபத்து அடையாளங்களை இனங்காண்பதற்கும் தலைநகர் தேவையில்லை. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறார். குழந்தை வளர்ச்சிப் பதிவேடு ஒவ்வொரு தாயிடமும் இருக்கிறது. தமிழில் ஒரு பக்க ஆபத்து அடையாளக் குறிப்பு, கூப்பிட ஒரு தொலைபேசி இலக்கம், கிளினிக்குக்குப் போய்வர ஒரு கொடுப்பனவு ஆகியவற்றை இந்த ஒழுங்கோடு சேர்த்தாலே போதும். இவற்றுக்குக் கட்டடம் தேவையில்லை. திறந்துவைக்க எதுவும் இல்லாததால்தான் அரசியல்வாதிகள் யாரும் இவற்றைக் கேட்பதில்லை என்று நினைக்கிறேன்.

தப்பிப் பிழைத்ததோடு கணக்கை முடித்துவிடும் வழக்கத்தை நம்மை விட அறிந்தவர்கள் யார்? 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்களில் பலர் எறிகணைச் சிதறல்களை உடலில் சுமந்தபடி இன்றும் வாழ்கிறார்கள். உயிரோடு இருப்பவர் பட்டியலில் அவர்களின் பெயர் இருக்கிறது. அவர்களின் வலி எந்தப் பட்டியலிலும் இல்லை. சிசு மரணவீதம் குறைந்திருப்பதாக நாடு பெருமைப்படுவதில் தவறில்லை. அந்தக் கணக்கில் உயிர் தப்பியதாகப் பதியப்படும் குழந்தை ஐந்து வயதில் ஒரு துண்டுப் பாணைப் பயமில்லாமல் விழுங்குகிறதா என்பதையும் யாராவது எண்ணத் தொடங்க வேண்டும்.