முதல் ஆண்டிலேயே விண்ணப்பிப்போம்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அரசுக் கலைக் கல்லூரிகளில் முதுகலை முடிக்கும் நம் பிள்ளைகளில் சிலர் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போக விரும்புகிறார்கள். எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "முதலில் சேர்ந்துவிடுகிறோம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. இந்த 'அப்புறம்' நம்மவர் பலரின் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறது.

கூலி வேலைக்குப் போகும் பெற்றோரால் பதிவுக் கட்டணம், விடுதிச் செலவு, நூலகங்களுக்கு அலையும் பயணச் செலவு என்று ஐந்தாண்டுகள் தாங்க முடியாது. இரண்டாம் ஆண்டிலேயே பிள்ளை ஏதாவது ஒரு தனியார் கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தப் போய்விடுகிறது. முழுநேர ஆய்வு ஞாயிற்றுக்கிழமை ஆய்வாகிறது. அதோடு, கையில் சொந்த உதவித்தொகை இல்லாத மாணவர் எல்லாவற்றுக்கும் நெறியாளரின் தயவையே நம்பியிருக்க வேண்டியதாகிறது. தன் ஊரின் பஞ்சமி நிலத்தைப் பற்றி ஆராய வேண்டும் என்ற எண்ணத்தோடு போனவர், 'இதெல்லாம் வேண்டாம்' என்று ஒரு வார்த்தை வந்ததும் கொடுத்த தலைப்பை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். தன் பணத்தோடு வருபவர் தன் கேள்வியோடும் வர முடியும். உதவித்தொகையை நாம் வெறும் பணமாகப் பார்க்காததற்குக் காரணம் இதுதான்.

யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள தொகை இது. பட்டியல் சாதியினருக்கான தேசிய உதவித்தொகையும் இதே அளவில் தரப்படுகிறது. ஆண்டுக்கு 2,000 இடங்கள் அதில் உண்டு. அதற்கான தேர்வும் நெட் மதிப்பெண் அடிப்படையில்தான். முதுகலை இறுதியாண்டில் இருக்கும்போதே நெட் எழுதலாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் பருவங்களில் தேர்வு நடக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இறுதியாண்டில் தொடங்குபவருக்கு இரண்டே ஆண்டுகளில் நான்கு வாய்ப்புகள். ஒருமுறை கிடைக்காவிட்டால் அடுத்த முறை இருக்கிறது. முப்பத்து நான்கு வயதில் விழித்துக்கொள்பவருக்கு அந்த அவகாசம் இல்லை. உதவித்தொகைக்கான வயது வரம்பு பொதுப்பிரிவுக்கு 30, நமக்கு 35.

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் தடையும் உண்டு. இரண்டாம் தாள் தமிழில் இருக்கும். ஆனால் கற்பித்தல் திறன், ஆய்வு முறை, தருக்கம் பற்றிய முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. 100 மதிப்பெண் அதில் இருக்கிறது. பாடத்தில் தேர்ந்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். முதுகலை முதலாண்டிலேயே பழைய வினாத்தாள்களை எடுத்து இந்தத் தாளுக்குப் பயிற்சியைத் தொடங்குவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

ஒன்றையே நம்பியிருக்கவும் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை பெற முடியாதே தவிர, இரண்டுக்கு விண்ணப்பிக்கத் தடையில்லை. மாநில ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. மத்திய அரசின் பட்டியல் சாதி உதவித்தொகையில் இடமில்லாத கிறித்தவ ஆதிதிராவிடர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் படிக்க மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடங்கள் உள்ளன. தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இத்திட்டத்தில் இடமில்லை என 2022இல் விதி மாற்றப்பட்டது. சாதியை ஆராய நினைக்கும் நம் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தும் இந்த விதி நீக்கப்பட வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் அளித்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில்தான். அதன் காலம் முடிந்ததும் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. சிடனம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேமித்த பணத்தோடும், கோலாப்பூர் சாகு மகாராஜா செய்த உதவியோடும் 1920இல் மீண்டும் கப்பல் ஏறினார். அவ்வளவு பெரிய அறிவுக்கே பணம் நின்றபோது படிப்பு நின்றது என்றால், நம் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பி வைப்பதில் என்ன நியாயம்?

கிடைத்த தொகையும் நேரத்துக்கு வருவதில்லை. ஐதராபாத்தில் 2016 ஜனவரியில் உயிரிழந்த ரோகித் வெமுலாவுக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கி இருந்தது. உதவித்தொகை மாதந்தோறும் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். நெட் முதல் தாள் தமிழிலும் வேண்டும். இவ்விரண்டையும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் எழுப்ப வேண்டும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல்களை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கடைசி நாளில் இ-சேவை மையத்தில் நின்று கணினி வேலை செய்யவில்லை என்று கேட்டுத் திரும்பியவர்கள் நம்மில் ஏராளம். இரண்டு பக்க ஆய்வு முன்வரைவை எழுதி, படித்த நான்கு பேரிடம் காட்டுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியரிடம் ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், ஏற்கெனவே உதவித்தொகை பெற்று ஆய்வு முடித்த நம் சேரிப் பிள்ளைகளுக்கு. நீங்கள் வென்ற விண்ணப்பத்தின் நகல் உங்கள் பெட்டியில் கிடக்கிறது. இந்த ஆண்டு உங்கள் தெருவில் முதுகலை படிக்கும் ஒருவரை அழைத்து, அதைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள்.